வயதுக்கு ஏற்ற மறதி

டாக்டரின் அறையில் அன்று ஐந்து பேர் இருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர். முன்னால் கணினி மறைத்ததால் அவர் முகம் பாதிதான் தெரிந்தது. மேசைக்கு இந்தப் பக்கம், கதவுக்கு நேரான நாற்காலியில் அண்ணன். அவருக்கு இடது கைப் பக்கம் அண்ணி. நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் இடிக்கும்படி ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவர்களுடைய மகன் எடை பார்க்கும் கருவியை ஒட்டிச் சுவரில் சாய்ந்து நின்றான். நாற்காலி இரண்டே இரண்டுதான் என்பதால் அண்ணனின் தங்கைக்குக் கதவுக்குப் பின்னால் கிடந்த முக்காலி வாய்த்தது. ஐம்பதைத் தாண்டி, காதோரம் நரைத்து, மூக்குக் கண்ணாடியும் போட்டாகிவிட்டது. ஆனாலும் அந்த வீட்டில் அவள் பெயர் பாப்பாதான்.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் டாக்டர் பார்த்தது முன்பக்கம். பாப்பா பார்த்தது பின்பக்கம்.

அண்ணன் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. வாயைத் திறந்தால் வேடிக்கைதான். டாக்டர் இன்று என்ன கிழமை என்று கேட்டார். "ரிட்டயர் ஆனவனுக்கு எல்லா நாளும் ஞாயித்துக்கிழமைதான் டாக்டர்" என்றார் அண்ணன். டாக்டர் சிரித்தார். சாவி, மேசை, ஆரஞ்சு என்று மூன்று சொற்களைச் சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ரத்த அழுத்தம் பார்த்து முடித்தபின் அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"நீங்க குடுத்ததை நீங்களே திருப்பிக் கேக்கறீங்களே டாக்டர். எங்க டிப்போவுல ஒருத்தன் இப்படித்தான். டீ வாங்கிக் குடுப்பான், மறுநாள் வந்து கப்பைத் திருப்பிக் கேப்பான்."

டாக்டர் இந்த முறை வாய்விட்டே சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், அண்ணன் பக்கம் திரும்பிய அண்ணியின் உதடு 'சாவி' என்று அசைந்தது. "சாவி" என்றார் அண்ணன், வண்டிச் சாவியையே கண்டுபிடித்துவிட்ட மாதிரி. எத்தனை பிள்ளைகள் என்று டாக்டர் கேட்டபோது மேசைக்குக் கீழே அண்ணியின் விரல் அண்ணனின் தொடையில் ஒரு முறை தட்டியது. "ஒண்ணு" என்றார் அண்ணன். இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாகப் பாப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழி தவறிப் போனதுண்டா என்று டாக்டர் கேட்டார். பழைய சிநேகிதர்களைப் பார்க்க டிப்போவுக்குப் போனார் என்று அண்ணி பதில் சொன்னார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணி திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வாய் மூடிக்கொண்டது. வீட்டில் எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கடைசியாகக் கேட்டதற்கு அண்ணன் கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

"இவங்களைக் கேளுங்க டாக்டர். எல்லாம் இவங்கதான் பார்த்துக்கறாங்க. தங்கமான மனுஷி."

"மனைவியை இவ்வளவு மரியாதையாப் பேசற ஆளை நான் இந்த நாற்காலியில பார்த்ததே இல்ல" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் தட்டச்சு செய்தார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார், சொன்னதை எழுதினார்.

போன காரியம் என்னவென்றால், முதியோர் பகல் காப்பகத்தில் அண்ணனுக்கு ஓர் இடம். காலையில் வேன் வந்து அழைத்துக்கொண்டு போகும். மாலையில் கொண்டுவந்து விடும். காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் டாக்டர் நோய் என்று எழுதித் தர வேண்டும். அண்ணி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். அந்த வேலையை விட்டால் வீடு நடக்காது. வேலைக்குப் போனால் அண்ணனுக்குத் துணை இல்லை. மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை அண்ணன் காக்கிச் சட்டையை எங்கிருந்தோ தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு டிப்போவுக்குப் போய், நின்றிருந்த பஸ்ஸில் ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்டக்டர் வரவில்லை என்று சத்தம் போட்டிருக்கிறார். தெரிந்த பையன்கள்; கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அண்ணி வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டுப் போடுகிறார். பூட்டைத் திருப்பும்போது உள்ளேயிருந்து, "யாருங்க அது, உள்ள ஆள் இருக்குங்க" என்று அண்ணன் குரல் கொடுப்பாராம். அதைக் கேட்டுக்கொண்டே படி இறங்குவாராம் அண்ணி.

பாப்பா பார்ப்பது மருத்துவக் கோடிங் வேலை. அது என்ன என்று கேட்பவர்களிடம் அவள் இப்படிச் சொல்வாள்: டாக்டர் கதை எழுதுவார், நான் தலைப்பு வைப்பேன். ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எழுத்தும் சில எண்களும் சேர்ந்த குறியீடு உண்டு. டாக்டரின் குறிப்பைப் படித்து அதற்கான குறியீட்டைப் போட வேண்டும். காப்பீட்டுக்காரர்கள் கதையைப் படிப்பதில்லை, தலைப்பைத்தான் படிக்கிறார்கள். வயதானவர்களின் மூளை சம்பந்தப்பட்ட கோப்புகள்தான் அவள் பிரிவு. 'ஆர்' எழுத்தில் தொடங்கினால் அது வெறும் அறிகுறி; வயதானால் வருவது, போ என்று அர்த்தம். 'ஜி'யில் தொடங்கினால் நோய், மூளைத் தேய்வு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வார்த்தை. அதைக் கோடிங் செய்பவர் ஊகிக்கக் கூடாது. டாக்டர் 'இருக்கலாம்' என்று எழுதினால் நோய் இல்லை. 'சந்தேகம்' என்று எழுதினால் நோய் இல்லை. எழுதவே இல்லை என்றால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லித் தரும் பாடம் இது.

சொந்தக்காரர் கோப்பு வந்தால் தொடக் கூடாது என்பதும் ஒரு விதி. அந்த டாக்டரின் குறிப்புகளும் அவள் அலுவலகத்துக்குத்தான் வரும்; மறுவாரம் அண்ணனின் பெயர் அவள் பட்டியலில் வந்தது. திறக்காமலே எதிர் மேசைக்காரரிடம் தள்ளிவிட்டாள். காற்புள்ளி இல்லாவிட்டால் கோப்பைத் திருப்பி அனுப்பும் ஆள் அவர். அலுவலகத்தில் அவருக்குக் 'காற்புள்ளி' என்றே பெயர். காற்புள்ளி ஒன்றும் கேட்கவில்லை. படித்தார், விரலைத் தட்டினார், முடித்தார். அன்று மதியம் தேநீர் வாங்கும்போது பாப்பாவுக்கும் சேர்த்து ஒன்று வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். அவர் யாருக்கும் எதுவும் வாங்கித் தருகிற ஆள் இல்லை. பாப்பாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது, 'ஆர்' என்று.

பதில் வந்தது. தகுதி பெறும் நோய் எதுவும் பதிவாகவில்லை, ஆகவே இடம் ஒதுக்க இயலாது. கூடவே டாக்டரின் குறிப்பு நகல். மகன் இரண்டையும் எடுத்துக்கொண்டு பாப்பாவின் வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தை, உங்க கையில இருக்கற விஷயம்தானே? ஒரு எழுத்து. 'ஆர்'ஐ எடுத்துட்டு 'ஜி' போட்டா என்ன குறைஞ்சுடும்?"

அப்படிச் செய்ய முடியாது என்றாள் பாப்பா. மாட்டிக்கொள்வோம் என்பதற்காக மட்டும் இல்லை. டாக்டர் எழுதாததை எழுதினால் அது பொய்க் கோப்பு. நாளைக்கு யார் கோப்பையும் நம்ப முடியாது என்று பொறுமையாக விளக்கினாள். எழுதாதது நடக்காதது என்ற விதியையும் சொல்லிவைத்தாள்.

"அப்ப அப்பா டிப்போவுக்குப் போனது நடக்கல. அம்மா பூட்டிட்டுப் போறது நடக்கல. சரி அத்தை. நல்ல வேலை பாக்கறீங்க" என்றான் அவன். பிறந்ததிலிருந்து அவள் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது.

அவன் போனபிறகு அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நகலைப் படித்தாள். இனி அது அலுவலகக் கோப்பு இல்லை. வீட்டுக்கு வந்த தாள். தேதியில் தடுமாற்றம். நல்ல நகைச்சுவை உணர்வு. அன்றாடக் காரியங்களைத் தானே செய்கிறார் என மனைவி தெரிவிக்கிறார். மனைவியிடம் மிகுந்த மரியாதையுடன் பேசுகிறார்; குடும்பச் சூழல் நன்று. முடிவு: வயதுக்கு ஏற்ற மறதி.

மரியாதை என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. திரும்ப மேலே போய்ப் படித்தாள். மறுபடியும் அங்கேயே வந்து நின்றது.

அண்ணன் என்றைக்கு அண்ணியிடம் மரியாதையாகப் பேசினார்? கல்யாணமான மறுநாளே 'ஏய்' என்று கூப்பிட ஆரம்பித்தவர். 'ஏய்', 'இந்தா', 'வாடி', கோபம் தணிந்தால் 'அம்மா தாயே'. ஊரே கேட்கக் கூப்பிடுவார். அதில் அன்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது; ஆனால் மரியாதை என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்ல முடியாது. அண்ணன் 'நீங்க, வாங்க' என்று பேசுவது ஒரே ஓர் இடத்தில்தான். பஸ்ஸில் ஏறுகிற, முன்பின் தெரியாத ஆட்களிடம்.

'இவங்களைக் கேளுங்க டாக்டர்.' முக்காலியில் உட்கார்ந்து அவளும்தான் அதைக் கேட்டாள். வெளியாள் முன்னால் அண்ணன் நாகரிகமாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். விரல் தட்டியதைப் பார்த்துவிட்டு, வார்த்தையைக் கோட்டைவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். இரண்டாவது மாடி, துணி காயும் வராந்தாவைக் கடந்து கடைசிக் கதவு. அன்று பூட்டு இல்லை, அண்ணிக்கு விடுமுறை. அண்ணன் சன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா பாப்பா. இளைச்சுட்டே. ஆபீஸ்ல சோறு போடறாங்களா இல்லையா?"

அவருக்கு அவளை நன்றாகத் தெரிந்தது. அண்ணி தேநீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அண்ணன் பாதி எழுந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்" என்றார். அண்ணி சமையலறைக்குத் திரும்பினார். பாப்பாவும் பின்னாலேயே போனாள்.

"அண்ணி, எப்பலேர்ந்து 'நீங்க'?"

அண்ணி அடுப்பு மேடையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பிறகு துணியை நான்காக மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மழைக்கு முன்னாடியே" என்றார். "முதல்ல எனக்குச் சந்தோஷமா இருந்துது பாப்பா. முப்பது வருஷமா சண்டை போட்டிருக்கேன். நாலு பேர் முன்னாடியாவது மரியாதையாக் கூப்பிடுங்கன்னு. ஒரு நாள் திடீர்னு, 'தண்ணி குடுங்க'ன்னார். பரவாயில்லையே, வயசானா புத்தி வருதேன்னு நெனச்சேன். பக்கத்து வீட்டுல போய்ப் பெருமையாக்கூடச் சொன்னேன்."

அதற்குப் பிறகு அண்ணி சொன்னதை ஒரே மூச்சில் சொல்லவில்லை. நடுவில் எழுந்து போய் அண்ணனின் கப்பை வாங்கி வந்தார், தெருவில் சத்தம் கேட்டபோது எட்டிப் பார்த்தார், திரும்ப வந்து விட்ட இடத்தில் தொடங்கினார். சாயங்காலம் விளக்குப் போட்டதும் அண்ணனுக்கு இருப்புக்கொள்ளாதாம். "நேரமாச்சுங்களே, உங்களை வீட்ல தேட மாட்டாங்களா" என்று கேட்பாராம். எனக்கு இங்கேதான் வேலை என்று அண்ணி சொன்னால், பாவம் என்பதுபோலப் பார்ப்பாராம். படுக்கப் போகும்போது அறைக்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாராம். ஒரு நாள் கதவைத் தட்டிக் கேட்டதற்கு, தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு பொம்பளை தனியா தங்கியிருக்கறப்ப நான் கதவைச் சாத்திக்கறதுதான் உங்களுக்கு நல்லது என்று உள்ளேயிருந்தே சொன்னாராம். அன்றிலிருந்து அண்ணிக்குப் படுக்கை கூடத்தில்.

"உன்னைத் தெரியுது அவருக்கு" என்றார் அண்ணி. "டிப்போப் பசங்களைத் தெரியுது. நடுவுல வந்தவ நான்தானே. நடுவுலயே கழண்டுட்டேன்."

இதை டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை, விரலால் ஏன் தட்டினீர்கள் என்று பாப்பா கேட்டாள்.

"சொல்லணும்னுதான் போனேன். அவர் முழிக்கிறதைப் பார்த்ததும் கை தானாப் போயிடுச்சு. பெத்த பிள்ளை பரீட்சையில முழிச்சா பார்த்துட்டு இருப்பியா?"

டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றாள் பாப்பா. குடும்பத்தார் பார்த்ததைக் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால் கோப்பில் சேர்த்துக்கொள்வார்கள். டாக்டர் அதைப் படித்து மறுபடி வரச் சொல்லலாம், முடிவை மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். அண்ணி உடனே, நோய் என்று எழுதித் தாருங்கள் என்று கெஞ்சி எழுதிவிடு என்றார். பாப்பா தலையை ஆட்டினாள். குறிப்பு தெளிவாக இல்லாதபோது டாக்டருக்குக் கேள்வி எழுதுவதற்கு அவள் வேலையில் ஒரு முறை உண்டு. விடையைக் கேள்விக்குள் ஒளித்துவைத்து அனுப்பக் கூடாது. பார்த்ததை வரிசையாக வைக்க வேண்டும். வைத்துவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அவள் நோட்டுத் தாளை எடுத்து ஓரத்தில் கோடு கிழித்தாள். டிப்போ விஷயத்தை எழுதினாள். வெளிப்பூட்டை எழுதினாள். டாக்டரின் அறையில் மனைவி உதட்டாலும் விரலாலும் விடை சொல்லிக் கொடுத்ததை எழுதியபோது அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிழமை கேட்டபோது சொன்ன ஞாயிற்றுக்கிழமை வேடிக்கையை அண்ணன் வீட்டில் தினமும், கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும், முதல் முறை சொல்வதுபோலச் சொல்கிறார் என்பதையும் எழுதினாள்.

கதவுத் தாழ்ப்பாளுக்கு வந்தபோது அண்ணி அவள் கையைப் பிடித்துவிட்டார். அது வேண்டாம், அது நாலு சுவருக்குள் நடப்பது, ஊர் பேர் தெரியாத ஆட்கள் கணினியில் படித்துவிட்டுப் போவார்களே என்றார். பாப்பா பேனாவைக் கீழே வைத்தாள். நீங்கள் சொன்னால் எழுதவில்லை, ஆனால் இதை எழுதாவிட்டால் மற்றதெல்லாம் அவருடைய நல்ல குணம் மாதிரித்தான் தெரியும் என்றாள். கூடத்திலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. தெருவில் ஒரு பஸ் தவறாகத் திரும்பியதற்காக யாரையோ அவர் கடிந்துகொண்டிருந்தார். அண்ணி கொஞ்ச நேரம் அதைக் கேட்டார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"எழுது."

பாப்பா எழுதினாள்: 'திருமணமான நாளிலிருந்து இவர் மனைவியை ஒருமையில் அழைத்துவந்தார். கடந்த மழைக்காலத்துக்கு முன்பிருந்து "நீங்க" என்று அழைக்கிறார். அறிமுகமில்லாதவர்களைத் தவிர வேறு யாரையும் இவர் இவ்வாறு அழைத்து நாங்கள் கேட்டதில்லை. மாலையில் மனைவியிடம் உங்களை வீட்டில் தேட மாட்டார்களா என்று கேட்கிறார். மனைவி வீட்டில் இருப்பதால் அறைக்கதவைத் தாழிட்டுக்கொள்கிறார்.' கடைசி வரி: 'இவற்றைக் கருத்தில் கொண்டு தங்கள் மருத்துவ முடிவைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறோம்.' நோய் என்ற வார்த்தையோ தேய்வு என்ற வார்த்தையோ எங்கும் இல்லை. படித்துப் பார்த்தாள். அலுவலகத்தில் ஆயிரம் கேள்வி எழுதியிருக்கிறாள். ஒன்றைக்கூடப் படித்து முடித்தபின் மூக்கை உறிஞ்ச வேண்டி வந்ததில்லை.

கீழே அண்ணி கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்று எழுத வேண்டும். அண்ணி கையெழுத்தைப் போட்டார். உறவு என்ற இடத்தில் பேனா நின்றது.

"நான் மனைவின்னு எழுதறேன். அவரைக் கேட்டா என்ன சொல்வாரு?"

அண்ணி 'மனைவி' என்று எழுதினார். எழுத்து அழுந்திப் பதிந்து தாளின் மறுபக்கம் புடைத்தது.

அப்போது அண்ணன் உள்ளே வந்தார். மேசையில் உறையைப் பார்த்ததும், தபால் பெட்டிவரை ஒரு நடை போய்வரலாமே என்றார். உறையில் பசை தடவியது பாப்பா. மடிப்பைத் தேய்த்து ஒட்டியது அண்ணன். கண்டக்டர் டிக்கெட் கட்டைத் தட்டிச் சீராக்குவதுபோல நான்கு ஓரத்தையும் மேசையில் தட்டினார். மூன்று பேரும் படியிறங்கினார்கள்.

தெருமுனையில் சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. அண்ணன் ஒரு கையை நீட்டி வண்டிகளை நிறுத்தினார்; மறு கையால், தொடாமல், அண்ணிக்கு வழி காட்டினார். "பார்த்து வாங்க" என்றார். பெட்டியருகே வந்ததும் உறையை அண்ணியிடமே கொடுத்தார்.

"முக்கியமான லெட்டருங்களா?"

"ஆமாங்க" என்றார் அண்ணி. "எங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்ல."

அண்ணனின் முகம் மாறியது. உண்மையாகவே வருத்தப்பட்டார். "கவலைப்படாதீங்க. உங்க நல்ல மனசுக்கு அவருக்குச் சரியாயிடும்" என்றார்.

அண்ணி தலையாட்டினார். உறையைப் பெட்டியின் வாயில் வைத்து, பாதி உள்ளே போன பிறகும் விடாமல் பிடித்திருந்தார். பின்னால் ஒரு பஸ் ஒலி எழுப்பியது. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பினார். அண்ணி விரலை விட்டார். கடிதம் உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.